சத்தமில்லாத கட்டை

பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை பாசாரில் ஒரு பழைய சாமான் கடையில் தொங்கிய மரக்கட்டைச் செருப்பைப் பார்த்துவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு மனுஷன் எப்படி நடப்பான் என்று மூன்று பேரும் சிரித்தீர்கள். நான் மீன் வாங்கும் அவசரத்தில் இருந்தேன். பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லவில்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் யாராவது ரேடியோவைத் திறந்துவிடுவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

நாங்கள் அதைக் கட்டை என்று மட்டும்தான் சொல்வோம். செருப்பு என்ற சொல்லைச் சேர்ப்பதில்லை. ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வரிசை வீட்டில் நாங்கள் இருந்த காலம். தோல் செருப்பு வைத்திருந்தவர்கள் அந்த வரிசையில் குறைவு. வைத்திருந்தவர்களும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகும்போதுதான் எடுப்பார்கள். நம் ஊர் மழைக்குத் தோல் ஊறி, பூஞ்சை பிடித்து, நாய் இழுத்துப் போட்டது போல ஆகிவிடும். நீங்கள் போடுகிற ரப்பர் சிலிப்பர் அப்போது கிடையாது. ஊரைச் சுற்றி ரப்பர் மரம் நின்றது. ரப்பர் சிலிப்பர்தான் இல்லை.

ஆகவே கட்டை. பாசாரில் மீன் வெட்டும் சீனர்கள் நாள் முழுக்கத் தண்ணீரில் கட்டையோடு நிற்பார்கள். மலாய்க்காரர்கள் கிணற்றடியில் கால் கழுவித் தொழுகைக்குப் போகும்போது கட்டை போட்டுக்கொள்வார்கள். அவர்கள் அதைத் தெரொம்பா என்பார்கள். எங்கள் வரிசையில் பைப்படிக்கும் கக்கூசுக்கும் போய்வரக் கட்டை. அது நடப்பதற்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பூரான் அடிக்க, சுவரில் ஆணி அடிக்க, காற்றில் ஆடும் கதவுக்கு முட்டுக் கொடுக்க, சொல் பேச்சுக் கேட்காத பிள்ளையின் முதுகைத் தேட, எல்லாவற்றுக்கும் அதுதான். தேய்ந்து இலை போல ஆனதும் அடுப்புக்குள் போகும். நன்றாக எரியும்.

ஒவ்வொருவருடைய நடையும் ஒவ்வொரு சத்தம். விடியும் நேரத்தில் பாயில் படுத்தபடியே, இப்போது போவது மூன்றாம் வீட்டு அக்கா, இது மூலை வீட்டுக் கிழவர், ஒரு காலை இழுக்கிறார், மூட்டுவலி இன்னும் விடவில்லை என்று எனக்குத் தெரியும். போன சத்தம் திரும்பி வராவிட்டால் யாராவது எழுந்து எட்டிப் பார்ப்பார்கள். அதற்கென்று யாரும் காவல் இருக்கவில்லை. காது தானாகவே அந்த வேலையைப் பார்த்தது.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், பெரியப்பா. பெரியப்பா அப்பாவின் மூத்த அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிறுவனாக இருந்த அப்பாவைக் கப்பலில் கூட்டிக்கொண்டு வந்து, வளர்த்து, ரயில்வேயில் வேலைக்குச் சேர்த்துவிட்டு, பெண் பார்த்துக் கட்டிவைத்ததும் அவர்தான். அவரிடம் ஒரு ஜோடிக் குறடு இருந்தது. அதற்கு வார் கிடையாது. முன்னால் குமிழ் மாதிரி ஒரு முளை. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் அதைக் கவ்விக்கொண்டு நடக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்தது, கறுத்துக் கனத்த மரம். குளிக்கப் போகவும் சாமி கும்பிடவும் மட்டும் அதைப் போடுவார். நான் ஒருமுறை போட்டுப் பார்த்து, இரண்டடி வைப்பதற்குள் விரல் நடுவில் தோல் உரிந்துவிட்டது. அவருக்கு அந்த இடத்தில் காய்ப்பு ஏறி ஒரு குழியே விழுந்திருந்தது.

அம்மா வெறுங்கால்தான். அவள் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். பிரிக்பீல்ட்ஸ் வந்தும் சும்மா இருக்கவில்லை, ஆற்றோரத்தில் கொஞ்சம் இடம் கொத்திக் கீரையும் மரவள்ளியும் போட்டிருந்தாள். அந்தக் கரைக்கு வேறு வேலையாகவும் ஆட்கள் ஒதுங்குவார்கள். அது எங்களுக்குத் தெரியும். கால் கழுவிக்கொண்டால் போயிற்று என்று இருந்தோம்.

நான் சொல்லப் போகும் மழைக்காலத்தில் அம்மா வயிற்றில் பிள்ளை. அவள் முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துக்கொண்டு வந்தது. பைப்படியிலிருந்து ஒரு குடம் தூக்கி வருவதற்குள் நடுவில் நின்று மூச்சு வாங்குவாள். கையில் எப்போதும் ஒரு பிடி பச்சரிசி, மெல்வதற்கு. அரிசி இல்லாதபோது அடுப்புச் சாம்பலை விரலில் தொட்டு நக்குவதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணேறு என்றார்கள். தாயத்துக் கட்டினார்கள். பெரியப்பா சம்பள நாளில் ஆட்டு ஈரல் வாங்கி இலையில் சுற்றிக் கொண்டுவந்து, சமையல்கட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். தம்பி மனைவியோடு மூத்தவர் நேராகப் பேசுவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. அவர் முன்னால் அம்மா நிற்கவே மாட்டாள். அவர் குரல் கேட்டால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள்.

கடைசியில் அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். டாக்டருக்கு அடுத்தபடியாக நோயாளிகளைப் பார்க்கும் டிரஸ்ஸர் நம் ஆள். அம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், பாதத்தைத் திருப்பி விரலிடுக்கைப் பார்த்தார். பிறகு அப்பாவைத் தனியே அழைத்துச் சொன்னார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"கொக்கிப்புழு. ஈர மண்ணுல வெறுங்காலோட நடந்தா, தோல் வழியா உள்ள ஏறிடும். குடல்ல தொங்கிக்கிட்டு ரத்தத்தைக் குடிக்கும். பிள்ளைத்தாச்சிக்கு இப்ப புழு மருந்து குடுக்க முடியாது. பிள்ளை பிறந்தப்புறம் தரேன். அதுவரைக்கும் புதுசா ஏறாம பாத்துக்கணும். இருக்கிற ரத்தமும் போச்சுன்னா பிரசவத்துல தாங்க மாட்டாங்க. கட்டை வாங்கிக் குடுங்க. படுக்கையை விட்டு எறங்கினா கால்ல கட்டை இருக்கணும்."

ஒரு புட்டி டானிக்கும் கொடுத்தார். அது இரும்பு ஆணியை ஊறவைத்த தண்ணீர் போல இருக்கும் என்று அம்மா சொன்னாள்.

அன்றே அப்பாவும் நானும் சீனர் கட்டைக் கடைக்குப் போனோம். கடை என்றால் ஒரு கொட்டகை. ஒரு பக்கம் உருட்டிவிட்ட மரத்துண்டுகள், நடுவில் முட்டிவரை மரச்சீவல். பச்சை மரத்தின் பால் வாசனை தெருமுனை வரை வரும். அது மிருதுவான மரம், எடை இல்லாதது. கடை முதலாளியைத் தவுக்கே என்போம். தவுக்கே சின்னக் கோடாலியால் செதுக்கிச் செதுக்கி எறிவார். கட்டையின் அடியில் குதிங்காலுக்கு ஒன்று, முன்னங்காலுக்கு ஒன்று என்று இரண்டு பல் விட்டு நடுவில் வெட்டி எடுத்துவிடுவார்கள். சேற்றில் அந்தப் பல் கடித்துக்கொண்டு நிற்கும். வாங்க வந்தவர் கட்டை மேல் காலை வைத்து நிற்க வேண்டும். வாரைக் காலோடு இழுத்துப் பிடித்து, அப்படியே ஆணி அடித்துத் தருவார்கள்.

அம்மா வரவில்லை. அந்நிய ஆம்பிளை முன்னால் காலை நீட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அப்பா ஓர் ஈர்க்கில் அம்மாவின் பாத நீளத்தை ஒடித்துக்கொண்டு வந்திருந்தார். தவுக்கே ஈர்க்கைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், நீளம் சரி, பாதத்தின் உயரம் எவ்வளவு என்று மலாயில் கேட்டார். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் கையைப் பாதம் போல மடக்கி, கட்டை மேல் வைத்து, மற்றக் கையால் அதைத் தடவிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் மடக்கினார். "இவ்வளவுதான் இருக்கும்" என்று தமிழிலேயே சொன்னார். தவுக்கே சிரித்துக்கொண்டே அந்தக் கையின் மேல் வாரை இழுத்து ஆணி அடித்தார். வீட்டில் அம்மா போட்டுப் பார்த்தபோது அளவெடுத்தது போல இருந்தது.

இரண்டு நாள் அம்மா அதைப் போட்டாள். பெரியப்பா வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் மட்டும். மூன்றாவது நாள் சாயங்காலம் பெரியப்பா முன் வராந்தாவில் உட்கார்ந்து நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் வீட்டு அக்கா, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனின் பெண்சாதி, நல்ல உடம்பு. கட்டையைப் போட்டுக்கொண்டு வராந்தா ஓரமாகத் தடதடவென்று போனாள். பெரியப்பா நண்பரிடம், "நான்கூட சிரம்பான் மெயிலுதான் சீக்கிரமா வந்துருச்சோன்னு பாத்தேன்" என்றார். இருவரும் சிரித்தார்கள். அக்காவுக்கும் கேட்டது. "உங்க ரயிலாவது நேரத்துக்கு வருதா அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளும் சிரித்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கதவுக்குப் பின்னால் இருந்த அம்மா சிரிக்கவில்லை. அன்று ராத்திரி கட்டையை விறகுக்குப் பின்னால் செருகிவிட்டாள். அப்பா ஏன் என்று கேட்டதற்கு, "மூத்தவரு காதுல விழற மாதிரி நான் தடதடன்னு நடந்தா நல்லாவா இருக்கும்? அவருக்குப் புடிக்காதுங்க" என்றாள். அப்பா தலையைச் சொறிந்தார். டிரஸ்ஸர் சொன்னது ஒரு பக்கம், அண்ணன் முகம் ஒரு பக்கம்.

அண்ணனிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு இப்போது அப்படித் தோன்றுகிறது. அப்பா அந்த அண்ணன் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. சுருட்டுப் பிடிக்கிற மனிதர், அண்ணன் தலை தெரிந்தால் எரிகிற சுருட்டை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொள்வார். அவர் கேட்கவில்லை. வேறொன்று செய்தார்.

அப்பாவுக்கு ரயில் பெட்டிகள் பழுது பார்க்கும் கொட்டகையில் வேலை. பிரேக்குக்குக் காற்று போகும் தடித்த ரப்பர் குழாய் வெடித்துப் போனால் வெட்டி எறிவார்கள். அதில் ஒரு துண்டு கொண்டுவந்து, நீளவாக்கில் கிழித்து, வெந்நீரில் போட்டு, அம்மிக்கல்லை ஏற்றிவைத்துத் தட்டையாக்கினார். கட்டையின் அடிப்பற்களுக்கு அளவாக வெட்டி, சின்ன ஆணியால் சுற்றிலும் அடித்தார். மிக நேர்த்தியான வேலை. அம்மாவின் காலுக்குக் கையை மடக்கின அதே மனிதர்தான்.

பிறகு சோதனை. பெரியப்பா வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும், ஒவ்வொரு வரியாக விரலை வைத்து. அப்பா என்னை அழைத்து, நீ போய்ப் பெரியப்பா பக்கத்தில் நில், அம்மா பின்னால் நடப்பாள், சத்தம் கேட்டால் இருமு என்றார். நான் போய் நின்றேன்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல பெரியப்பா."

"ஒண்ணுமில்லாததுக்கு ஏன் சிக்னல் கம்பம் மாதிரி நிக்கிற? உக்காரு."

உட்கார்ந்தேன். பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆனால் அவருடைய சுருட்டுப் புகை நேராக என் மூக்கில் ஏறியது. நான் இருமினேன். உள்ளே அம்மா ஒற்றைக் காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டாளாம். அப்பா கதவிடுக்கில் முகம் வெளுத்துத் தெரிந்தார். நான் கையை ஆட்டிப் புகையைக் காட்டினேன். பெரியப்பா என்னையும் பார்த்தார், கதவையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மறுபடி விரலை வரியில் வைத்தார்.

அதன் பிறகு அம்மா தைரியமாக நடந்தாள். வரிசை முழுக்கக் கட்டைச் சத்தம் கேட்கும், எங்கள் அம்மா மட்டும் பூனை மாதிரி போய்வருவாள். மூச்சு வாங்குவது கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. டானிக்காக இருக்கலாம், பெரியப்பாவின் ஈரலாக இருக்கலாம். அப்பா ஒருநாள் விசில் அடித்துக்கொண்டு குளித்தார்.

மழை விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் பைப்படி வரை போகும் சிமெண்டுப் பாதையில் பச்சையாகப் பாசி படர்ந்தது. மரப்பல் பாசியைக் கடித்துக்கொண்டு நிற்கும். பிரேக் குழாயின் ரப்பரோ வழுவழு என்று இருந்தது. அதை ஒருவரும் யோசிக்கவில்லை. சத்தம் வராமல் இருக்கவேண்டும் என்பது மட்டும்தான் எல்லார் மனசிலும் இருந்தது.

ஒருநாள் விடியும்போது பெரியப்பாவின் குரலில் எழுந்தேன். அப்படி ஒரு குரல் அவரிடமிருந்து நான் கேட்டதில்லை. அப்பா ராத்திரி ஷிப்டுக்குப் போனவர் இன்னும் வரவில்லை. நான் பின்னால் ஓடினேன். பெரியப்பா குளிக்கப் போன வழியில் அம்மா சாக்கடை ஓரமாக வழுக்கி விழுந்து கிடந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாகக் கிடந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கூப்பிட்டாளாம், மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நான் பார்த்தபோது பெரியப்பா அவளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அதுவரை அவள் முகத்தைக்கூட அவர் சரியாகப் பார்த்திருக்க மாட்டார். அவருடைய குறடு ஒன்று பாதையில் கவிழ்ந்து கிடந்தது. வெறுங்காலோடு நடந்துவந்தார்.

"டேய், ஓடிப்போய் அக்காவக் கூப்பிடு. ரிக்ஷாவும் கூப்பிடச் சொல்லு."

மூன்றாம் வீட்டு அக்கா ஓடி வந்தாள். அம்மாவின் ஈரச் சேலையை மாற்றிக்கொண்டே அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "நான் முழிச்சுத்தான் இருந்தேன் அண்ணே, அடுப்பு மூட்டிக்கிட்டிருந்தேன். இவ போன சத்தமே கேக்கல. கேட்டிருந்தா, ஏன் திரும்பி வரலன்னு பாத்திருப்பேனே."

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. மாதம் நிறையாத பிள்ளை, பெண். சாயங்காலம் வரை இருந்தது. உங்களுக்கு ஓர் அத்தை இருந்திருப்பாள். பெயர் வைக்கவில்லை. அம்மாவைப் பற்றி டாக்டர் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, பிழைத்துக்கொள்வாள் என்றார்.

அந்த இரண்டாம் நாள்தான் அப்பாவும் பெரியப்பாவும் வீட்டில் எதிரெதிரே நின்றார்கள். பெரியப்பா கையில் அம்மாவின் கட்டை, அடிப்பக்கம் மேலாக.

"இது என்னடா?"

"ரப்பர்ண்ணே."

"அது தெரியுது. எதுக்கு?"

"சத்தம் வரக்கூடாதுன்னு" என்றார் அப்பா.

"யாருக்கு?"

அப்பா தரையைப் பார்த்தார்.

"நான் எப்படா வேணாம்னு சொன்னேன்?"

பெரியப்பா வேண்டாம் என்று சொல்லவே இல்லை. மூன்றாம் வீட்டு அக்காவிடம் ஒரு வேடிக்கை பேசினார், அதைக் கேட்டவர்கள் சட்டமாக்கிக்கொண்டார்கள். பெரியப்பா தன் கையாலேயே இடுக்கி வைத்து அந்தச் சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அப்பா செய்கிறேன் என்று கை நீட்டினார். கொடுக்கவில்லை. பெரியப்பா அழுதாரா என்று கேட்காதீர்கள். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

அம்மா வீட்டுக்கு வந்த அன்று பெரியப்பா சமையல்கட்டு வாசலுக்கு வந்தார். கட்டையை வாசற்படியருகே வைத்தார். அவர் அம்மாவிடம் நேராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"போட்டுக்கிட்டே நடம்மா. நீ போறதும் வரதும் எனக்குக் கேக்கணும்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கதவுக்குப் பின்னால் போகவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

டிரஸ்ஸர் சொன்னபடியே பிறகு புழு மருந்து கொடுத்தார்கள். பச்சரிசி மெல்வது நின்றது. முகத்தில் ரத்தம் ஊற மாதங்கள் ஆயின. ஆனால் அவள் கட்டைச் சத்தம் முதல் வாரத்திலிருந்தே கேட்டது. மெலிந்த உடம்பு, கட்டையைச் சரியாகத் தூக்க முடியாமல் இழுத்து இழுத்து நடப்பாள். சாயங்காலம் பெரியப்பா வாய்விட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அம்மாவின் சத்தம் பின்பாதையில் இறங்கியதும் படிப்பு நின்றுவிடும். விரல் வரியிலேயே இருக்கும். சத்தம் திரும்பிப் படியேறிய பிறகுதான் அடுத்த சொல் வரும். இப்படி ஒரு செய்தியை முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆகும். அப்பா மட்டும் அந்த நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவார்.

இதை எழுதும்போது உங்கள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, நீங்களும் யாரிடமும் எதையும் நேராகக் கேட்கிற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறாள். இருக்கலாம். நீங்களாவது கேளுங்கள்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் மத்தியானம், பெரியவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள், அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஒரு தேங்காய் மட்டையும் ஒரு டின் ஆற்று மணலும் எடுத்துக்கொண்டு பின்பாதைக்குப் போனேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாசற்படியிலிருந்து பாசியைத் தேய்க்க ஆரம்பித்தேன். பச்சை தண்ணீரோடு சாக்கடையில் ஓடியது. பைப்படி வரை தேய்த்து முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது. நனைந்துகொண்டே ஒருமுறை வெறுங்காலால் அழுத்தி நடந்து பார்த்தேன். வழுக்கவில்லை. பாசி மறுபடி வரும் என்று எனக்குத் தெரியும். மட்டையைக் கழுவி, அடுத்த தடவைக்கு ஆகும் என்று கூரைக்கடியில் செருகி வைத்தேன்.